காலி வீதியில் ஓடிய தும்புத்தடி

எனக்கு வாய் கொஞ்சம் கூடத்தான். இவர் இருந்த காலத்திலேயே அதைக் கொழும்பு வெள்ளவத்தை முழுக்க ஒப்புக்கொண்டாயிற்று. ஆகவே, பொன்னம்பலம் முதலாளி தன்னுடைய புடைவைக்கடையில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தபோது நான் பேசாமல் திரும்பி வந்திருப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இவர் என்றால் என் கணவர் சிவானந்தன். கோலைக் கைமாற்றி ஓடும் அஞ்சலோட்டத்தில் எப்போதும் கடைசியாகக் கோலை வாங்கி ஓடி முடிக்கிறவர். எண்பத்தெட்டில் ஒரு நாள், வழக்கம்போல ஓடிப்போய் பஸ் ஏறும்போது மிதிபலகையில் கால் வழுக்கி விழுந்தார். முள்ளந்தண்டு நரம்பு போய்விட்டது. அதன்பின் ஆறு வருடம் கட்டில்தான். அந்த நரம்பைத் திரும்ப இயங்க வைக்க இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை, வெளிநாட்டில் ஆராய்ச்சி நடக்கிறது, காசுதான் போதவில்லை என்று டொக்டர் சொன்னார். "அதுக்குக் காசு சேர்த்துக் குடு, நாகேஸ். எனக்கில்லை, இனி விழப்போறவனுக்கு" என்று இவர் கேட்டார். தொண்ணூற்று நாலில் போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று வருடம் நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த வெட்கம் எனக்குள் கிடந்து அரித்தது. அதனால்தான் பொன்னம்பலம் முதலாளியிடம் காசு கேட்டுப் போனேன்.

"கோயிலெண்டால் தாறன் பிள்ளை. ஆராய்ச்சி எண்டால் ஆர் கண்டது?" என்றார் முதலாளி.

"அவற்ற நினைவாய் அஞ்சலோட்டம் வைக்கப் போறம் ஐயா. கொட்டாஞ்சேனையிலயிருந்து உங்கட கடை வாசல் மட்டும்."

அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. "சனம் பஸ்ஸுக்கே ஓடப் பயப்படுகுது. நீங்கள் கொழும்பைச் சுத்தி ஓடப் போறியளோ? சரி, சனிக்கிழமை ஒன்பது மணிக்குள்ள என்ர வாசலுக்கு ஓடி வந்து சேருங்கோ. ஒரு லட்சம் தாறன். வராட்டி ஒரு சதமுமில்லை."

அவர் சொன்னதிலும் பிழையில்லை. யுத்தம் நடந்து, கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். தமிழர் தெருவில் ஓடினால் சென்றியில் காவல் நிற்கிற ஆமிக்காரன் முதலில் துவக்கைத்தான் தூக்குவான். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மற்றக் கடைக்காரரிடமும் போய் அதே பந்தயத்தைச் சொன்னேன். அவர்களும் வேடிக்கை பார்க்கிற மாதிரி, வந்து சேர்ந்தால் தருகிறோம் என்றார்கள். இனி ஓட்டம் முடியாவிட்டால் இவருடைய பெயரில் ஒரு சதமும் சேராது.

இருபது பேர் சேர்ந்தார்கள். இவருடன் ஒன்றாக ஓடிய கொட்டாஞ்சேனைக் கொன்ஸ்ரன்ரைன்தான் ஆள் பிடித்தவர். பொலிசுக்குப் போனால், கூட்டம் கூட அனுமதி இல்லை என்று பெரியவர் கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"கூட்டமில்லை மாத்தயா. ஒரு நேரத்தில ஒராள்தான் ஓடும். ஒராள் ஓட அனுமதி வேணுமோ?" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தனியம துவனவா நம் துவன்ன" என்றார். தனியாக ஓடுவதென்றால் ஓடட்டுமாம். சென்றிகளில் மட்டும் நின்று, அடையாள அட்டை காட்டி, நடந்து கடக்க வேண்டும். எனக்கு அது போதும்.

கொன்ஸ்ரன்ரைன் ஒரு அலுமினியக் குழாயைக் கொண்டுவந்து நீட்டினார், கைமாற்றுகிற கோலாம். "உங்களுக்கென்ன விசரே? இந்த நாளில பைப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுறதோ?" என்று ஏசிவிட்டு, வீடு கூட்டுகிற தும்புத்தடியின் பிடியை ஓரடிக்கு அறுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தடி கொட்டாஞ்சேனையை விட்டுப் புறப்பட்டது. கோட்டைப் பக்கம் போகாமல் மருதானை சுற்றி, கொள்ளுப்பிட்டி வந்து, பம்பலப்பிட்டி தாண்டியது. நான் வெள்ளவத்தைப் பாலத்துக்குப் பம்பலப்பிட்டிப் பக்கமாக நின்றேன். அங்கேதான் கொன்ஸ்ரன்ரைன் தடியைக் கடைசி ஆள் முத்துலிங்கத்திடம் கொடுக்க வேண்டும். முத்துலிங்கத்தைக் காணவில்லை. எட்டே முக்காலுக்கு அவன் தங்கியிருந்த லொட்ஜிலிருந்து ஆள் வந்து சொன்னது: விடியப் பொலிஸ் சுற்றிவளைப்பாம், பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம், விசாரித்துவிட்டுப் பின்னேரம் விடுவார்களாம்.

அந்த நேரம் கொன்ஸ்ரன்ரைன் வந்துகொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது, தொப்பை, ஒரு காலை இழுத்து இழுத்து. இதற்கு மேல் அவரால் ஓரடி வைக்க முடியாது என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஆரிட்ட குடுக்கிற தங்கச்சி?"

நான் பிறந்ததிலிருந்து ஓடியதில்லை. பருத்திச் சேலை, ரப்பர் செருப்பு. கையை நீட்டினேன்.

பாலத்துச் சென்றியில் நடந்துதான் போனேன். ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், தடியைப் பார்த்தான், பிறகு தடியைத் தட்டிப் பார்த்தான், காதில் வைத்துப் பார்த்தான். ஒன்பதுக்கு இன்னும் எட்டு நிமிடம்தான்.

"அது தும்புத்தடி, தம்பி! வீடு கூட்டுறது! ஓட விடு என்னை!" சிங்களமும் தமிழுமாகக் கத்திவிட்டேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தடியை நீட்டினான். பிடுங்கிக்கொண்டு செருப்பையும் அங்கேயே கழற்றிவிட்டு ஓடத் தொடங்கினேன்.

ஒரு பெண் கடைகள் நிறைந்த காலி வீதியில் ஓடினால் அந்த நாளில் என்ன நடக்கும்? முதல் கடைக்காரன் குண்டென்று நினைத்துக் கதவை இழுத்தான். அடுத்தவனும் இழுத்தான். மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற பைறோஸா, எங்கள் மாடிவீட்டுக்காரி, "பயப்படாதீங்க! அது நம்ம சிவானந்தன்ட பொஞ்சாதி!" என்று கத்தினாள். இழுத்த கதவுகள் திறந்தன. நடைபாதையில் சனம் வரிசையாக வந்து நின்று கைதட்டியது. மேல்மாடிகளிலிருந்தும் தட்டினார்கள். எனக்கு நெஞ்சு வெடிக்கும்போல இருந்தது, கால் எரிந்தது, அதற்குள்ளும் ஒரு சந்தோசம். ஓடுவது இவ்வளவு நல்லாயிருக்கும் என்று இவர் எத்தனையோ தரம் சொல்லியும் நான் நம்பவில்லை.

முதலாளியின் கடை மணிக்கூட்டில் ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருந்தது.

"ஓடியே வந்தனீங்கள், பிள்ளை?"

எனக்குப் பேச்சு வரவில்லை. வாழ்நாளில் அது ஒரு நாள்தான். எனக்குப் பதிலாகத் தெருவே சொன்னது: "ஓம்! ஓடித்தான் வந்தவ!"

முதலாளி பிறகு சிரிக்கவில்லை. எழும்பி உள்ளே போய்ச் செக் எழுதிக்கொண்டு வந்தார். மற்றக் கடைக்காரரும் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலாளி தன் கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ பிள்ளை, இருந்து வாங்குங்கோ" என்றார்.

கதிரையில் உட்கார மனம் வரவில்லை. இவர் ஆறு வருடம் ஏங்கியது எழும்பி நிற்கத்தான். அவருடைய பெயரில் வந்த காசை நான் நின்றுகொண்டே வாங்கினேன்.