இரண்டும் ஒரே கனம்

குழாயடியில் எனக்கும் சீனியம்மாளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தபோதுதான் போலீஸ்காரர் வந்தார். சண்டை ஒன்றும் புதிதில்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் லைன் வீடுகளில் பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே குழாய். என் குடத்தை அவள் நகர்த்துவாள், அவள் வாளியை நான் நகர்த்துவேன், வாய் ஓயும்வரை இரண்டு பேரும் கத்திவிட்டு ஒரே கடையில் சாயா குடிப்போம். பதினெட்டு வருஷமாக அப்படித்தான். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் குப்பையை அவள் தலையிலேயே கொட்டிவிடுவார்கள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆடி மாதம். மூன்று நாளாக விடாத மழை. போலீஸ்காரர் குடையை மடக்காமலே, இங்கே சரோஜா யார் என்று மலையாளத்தில் கேட்டார். நான்தான், என்ன இப்போது என்று அதே சண்டைக் குரலில் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். பால்பேனாவால் யாரோ மூன்று எழுத்தைப் படம் வரைகிற மாதிரி வரைந்திருந்தார்கள். ஸ்டேஷனில் ஒருவருக்கும் தமிழ் தெரியாதாம். முக்குக் கடை சிவசங்கரனிடம் காட்டியிருக்கிறார். அவர் 'சரோஜா' என்று படித்துவிட்டு எங்கள் லைனைக் கை காட்டியிருக்கிறார்.

பிறகு போலீஸ்காரர் குரலைத் தாழ்த்தினார். பள்ளுருத்திப் பக்கம் கால்வாயில் இன்று விடியும்போது ஒரு வாலிபனின் உடல் ஒதுங்கியதாம். கையில் ஸ்டீல் வளை. வளையின் உட்பக்கம் இந்த எழுத்து.

குடம் எப்போது கையை விட்டுப் போனது என்று தெரியாது. சீனியம்மாள் என் தோளுக்கு மேலாக எட்டிக் காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அதில் என்ன எழுதியிருக்கும் என்று தெரியும். என் பேர் வெட்டிய வளை இந்தக் கொச்சியில் இரண்டே இரண்டு. ஒன்று என் மகன் சஜியின் கையில் கிடக்கிறது. இன்னொன்று அவள் மகன் ரதீஷின் கையில். இரண்டு பேரும் நான்கு நாளைக்கு முன்புதான் ஒரு காண்ட்ராக்டருக்கு வள்ளத்தில் சேறு அள்ள, பள்ளுருத்திக்குச் சேர்ந்து போயிருந்தார்கள்.

ஜீப்பின் பின்பக்கத்தில் எங்களை எதிரெதிரே உட்கார வைத்தார்கள். முட்டி முட்டியோடு இடித்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் சுடலைமுத்து கலூரில் வேலைக்குப் போயிருந்தார். சொல்லி அனுப்பியிருந்தோம், எப்போது வருவாரோ தெரியாது. சீனியம்மாளுக்குச் சொல்லி அனுப்பவும் ஆள் இல்லை. அவள் புருஷன் எட்டு வருஷத்துக்கு முன்பு ஓடைக்குள் இறங்கியவன், உயிரோடு ஏறவில்லை.

அந்தச் சாவிலிருந்துதான் வளையும் வந்தது. ஓடையிலோ கால்வாயிலோ இறங்குகிறவன் உடம்பில் இரும்பு இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. ஒரு சாவி, ஒரு சின்னக் கத்தி, ஒன்றுமில்லாவிட்டால் அரைஞாணில் ஓர் ஆணியாவது. இரும்பு இருந்தால் தண்ணீரில் கிடக்கிற பேய் எதுவும் அண்டாது. சீனியம்மாளின் புருஷன் அன்றைக்குக் கத்தியை ஜன்னலில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். ஆகவே பையன்கள் இரண்டு பேரும் சேறு அள்ளும் வேலைக்குப் பேர் கொடுத்தபோது அவள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ரதீஷுக்கும் சின்ன வயதிலிருந்தே தண்ணீர் என்றால் பயம். நான்தான் பெரிய மனுஷியாக, இரும்பு துருப்பிடிக்கும், இரண்டு பேருக்கும் ஸ்டீலில் இடிவளை நானே வாங்கிப் போடுகிறேன் என்றேன். இங்கே வாலிபப் பையன்கள் மணிக்கட்டில் போடுகிற தடித்த வளையைத்தான் இடிவளை என்பது.

முகமது இஸ்மாயிலின் பாத்திரக் கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியில் அந்த அளவில் இரண்டுதான் இருந்தன. பார்வைக்கு அச்சு அசல் ஒன்று. இஸ்மாயில் காக்கா குடத்தை நிறுக்கிற மாதிரியே வளையையும் தராசில் போட்டார். ஒன்று தொண்ணூறு கிராமுக்கு மேல். மற்றது ஐம்பதுகூட இல்லை. ஒன்று முழுக் கட்டி, மற்றது உள்ளே வெறும் கூடு என்று அவரே சொன்னார். கட்டியாகவே இரண்டு வேண்டுமானால் அடுத்த வாரம் வா என்றும் சொன்னார். எனக்கு ஏது பொறுமை? கட்டியைக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு குழந்தையின் கையைப் பிடித்திருக்கிற மாதிரி நிறைவாக இருந்தது. இது சஜிக்கு என்று என் மனசு உடனே சொல்லிவிட்டது. மறைப்பானேன், கூட்டு வளையை ரதீஷுக்கு என்று ஒதுக்கினேன்.

காக்கா பேர் வெட்டுகிற மெஷினை எடுத்துக்கொண்டு, பேர் என்ன என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து தம்ளர், தட்டு, குடம் எல்லாவற்றுக்கும் ஒரே பேர்தான் சொல்லியிருக்கிறேன். வாய் தானாகச் 'சரோஜா' என்றது. இரண்டிலும் வெட்டி முடித்த பிறகுதான் உறைத்தது. காக்கா சிரித்தார். போகட்டும், பேர் வெட்டிய சாமான் எந்தக் கல்யாண வீட்டில் தொலைந்தாலும் திரும்பி வந்துவிடும் என்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ஜீப்பில் எனக்கு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து வளையை நீட்டியபோது சீனியம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ரெண்டும் ஒரே கனந்தானே அக்கா?"

"ஒரே கனம்" என்றேன்.

ஜீப் தோப்பும்படி ஜங்ஷனைத் தாண்டிப் போனது. மாரியம்மா, என் பிள்ளையாக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். வேண்டி முடிப்பதற்குள்ளேயே எனக்கு உடம்பு கூசியது. இருப்பது இரண்டே வளை. என் பிள்ளை வேண்டாம் என்றால் வேறு எந்தப் பிள்ளை என்று அம்மனுக்குத் தெரியாதா? எதிரே சீனியம்மாளின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. அவள் என்ன வேண்டுகிறாள் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவளை அப்படியே ஜீப்பிலிருந்து தள்ளிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. அடுத்த நிமிஷம் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் எங்களை பெஞ்சில் உட்காரச் சொன்னார். நேற்றுக் காலை சேறு ஏற்றிய வள்ளம் கவிழ்ந்துவிட்டது, காண்ட்ராக்டர் யாருக்கும் தகவல் சொல்லாமல் ஓடிவிட்டான், எத்தனை பேர் வள்ளத்தில் இருந்தார்கள் என்றே தெரியவில்லை என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று கவரை என் பக்கம் நீட்டினார்.

கவரின் அடி தொங்கிக்கொண்டிருந்தது. கூடாக இருக்கட்டும், லேசாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினேன். வளை உள்ளங்கையில் வந்து விழுந்தது. கை தானாகக் கீழே போனது.

கட்டி வளை. எழுத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அது நான் சஜிக்கு எடுத்த வளை. என் வாயிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை. போலீஸ்காரர் ஒருவர் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

"எப்படி அக்கா தெரியும்? ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்கும்?" என்று சீனியம்மாள் கேட்டாள்.

என்னத்தைச் சொல்ல? "தெரியும். என் புள்ளைதான்" என்றேன்.

அவள் உடம்பு அப்படியே தளர்ந்தது. பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. காலையிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை அவள் அப்போதுதான் விட்டாள். அந்த மூச்சுக்காக அவளை நான் அவ்வளவு வெறுத்தேன். ஆனால் அடுத்த நொடியே அவள் என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் என் தலையை அவள் தோளிலேயே வைத்திருந்தாள். நான் இருக்கிறேன் அக்கா, ரதீஷ் இருக்கிறான், அவன் உங்களுக்கும் பிள்ளைதான், உங்களுக்குக் கஞ்சி ஊற்றுவான் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அத்தனை ஆறுதலை அதற்கு முன்னும் பின்னும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

சர்க்கார் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறை. வாசலில் மழைத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. என்னால் உள்ளே போக முடியவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் பார்க்கிறேன் அக்கா, நீங்க வராதீங்க என்று சொல்லிவிட்டுச் சீனியம்மாள்தான் எனக்காக உள்ளே போனாள். துணி மேலே நெற்றிவரை இழுத்து மூடியிருந்தது, பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் முகத்துப் பக்கம் போகவே இல்லை. பாதத்தருகே நின்றுவிட்டாள். குனிந்து இடது கட்டைவிரலைத் தொட்டாள். அந்த விரலுக்கு நகம் கிடையாது. ஆறு வயதில் சைக்கிள் செயினில் மாட்டிப் போனது. அன்றைக்கு ரதீஷைத் தூக்கிக்கொண்டு ஓடியதே நான்தான்.

"அக்கா, இது நம்ம ரதீஷ் கால்" என்றாள். அழவில்லை. எதையோ தவறாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், வந்து கேளுங்கள் என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்குச் சந்தோஷம் வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? என் பிள்ளை இல்லை, என் பிள்ளை இல்லை என்று உடம்பெல்லாம் குதித்தது. சீனியம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். என் முகத்தில் அவள் எதைக் கண்டாளோ, எனக்குத் தெரியாது.

மத்தியானம் சஜி வந்துசேர்ந்தான். அவன் நீந்திக் கரையேறியிருக்கிறான். ரதீஷ் இல்லாமல் எங்கள் முகத்தில் முழிக்கப் பயந்து, மீன்காரர்களோடு கால்வாய்க் கரை முழுக்கத் தேடியிருக்கிறான். ஆஸ்பத்திரி வராந்தாவில் சீனியம்மாளின் காலடியில் விழுந்து அழுதான். அவன் கையில் வளை கிடந்தது. கூட்டு வளை.

சீனியம்மாளும் அதைத்தான் பார்த்தாள். போலீஸ்காரரிடம் கையெழுத்துக்குப் பதிலாக விரல் வைத்து வாங்கிய வளைக் கவர் அவள் மடியில் இருந்தது. அந்த வளை உனக்கு வேண்டாம் சீனி, நான் வைத்துக்கொள்கிறேன் என்று அவசரமாகச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. சஜியின் கையைப் பிடித்து வளையைக் கழற்றினாள். கவரிலிருந்து மற்றதையும் எடுத்தாள். வலது உள்ளங்கையில் ஒன்று, இடதில் ஒன்று. வளை வாங்கின இந்த இரண்டு மாதத்தில் அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று எத்தனையோ தடவை பயந்திருக்கிறேன், ஆனால் அப்போது பயந்த மாதிரி பயந்ததில்லை. அவளுடைய ஒரு கை மெல்லக் கீழே இறங்கியது.

"இது எப்படிடா ரதீஷ் கையில வந்துச்சு?" என்று சஜியிடம் கேட்டாள்.

சஜிக்கு உள்விஷயம் ஒன்றும் தெரியாது. அழுகைக்கு நடுவே உள்ளதைச் சொன்னான். "போட்ட வாரமே நாங்க மாத்திக்கிட்டோம் சின்னம்மா. அவனுக்குத் தண்ணியில இறங்க பேடி, ரொம்ப பயப்படுவான். கனமானதைப் போட்டா யாரோ கையைப் புடிச்சிட்டு நிக்கிற மாதிரி சுகமா இருக்குன்னான். அதான் குடுத்தேன்."

அவள் இரண்டு வளையையும் வெகுநேரம் வைத்திருந்தாள். திட்டுவாள், காறித் துப்புவாள், குழாயடியில் பேசுகிற அத்தனை வார்த்தையையும் பேசுவாள் என்று காத்திருந்தேன். பேசினால் காலில் விழுந்துவிடலாம் என்றும் நினைத்தேன். அவள் கட்டி வளையை எடுத்துச் சஜியின் கையில் தானே போட்டுவிட்டாள்.

"உங்க பிள்ளைக்கு வாங்கினது உங்க பிள்ளைகிட்டயே இருக்கட்டும் அக்கா" என்றாள். "என் பிள்ளைக்கு வாங்கினதை நான் அவனுக்குப் போட்டு அனுப்பறேன்."

சாயந்திரம் மயானத்துக்குத் தூக்குமுன் கூட்டு வளையை அவன் கையில் மாட்டினாள். உட்பக்கம் என் பேரோடுதான் அவன் போனான்.

சஜி அதற்குப் பிறகு சேற்று வேலைக்குப் போகவில்லை, வளையும் போடவில்லை. அது எங்கள் அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. அளக்கிறபோது கையில் தட்டுப்பட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. சீனியம்மாள் இன்னும் அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள், விசேஷத்துக்குக் கூப்பிட்டால் வருகிறாள், சாயாவும் குடிக்கிறாள். குழாயடியில் நான் வருவதைக் கண்டால் மட்டும் தன் வாளியைத் தானே நகர்த்திக்கொண்டு, நீங்க பிடிங்க அக்கா என்கிறாள். நான் வேண்டுமென்றே அவள் வாளியைக் காலால் தள்ளிக்கூடப் பார்த்துவிட்டேன். ஆறு வருஷமாகிறது, ஒரு தடவைகூட அவள் என்னோடு சண்டை போடவில்லை.