வலது பக்கம் கடிக்காதே

பொங்கல் நெருங்கிக் கடைத்தெருவில் கரும்புக் கட்டு இறங்கிவிட்டால் போதும், கனகாவின் நாக்கு தானாகப் போய் வலது கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்க்கும். அந்தப் பல்லால் வந்த சண்டையும், அதே பல்லால் தீர்ந்த சண்டையும் ஞாபகம் வரும். அந்த நாளெல்லாம் இனி வருமா என்று மனசு ஏங்கும்.

சண்டை எழுபத்திரண்டில் வந்தது. பெண்ணாடத்தில் அவள் அண்ணன் சக்கரபாணி ஆலைக்குத்தான் கரும்பு போட்டிருந்தார். ஆனாலும் தங்கைக்கென்று வரப்போரமாக ஒரு வரிசை கறுப்புக் கரும்பு நட்டுவைப்பார். வருஷா வருஷம் பொங்கல் சீரோடு அதுவும் பஸ் கூரையில் ஏறி விருத்தாசலம் வந்துவிடும். வந்ததும் முதல் கழியை அவர் கண்ணெதிரே கனகா பல்லால் உரித்துத் தின்ன வேண்டும். சின்ன வயதில் அண்ணனோடு போட்டி போட்டு உரித்தவள் அவள். அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் மனுஷனுக்குச் சீர் கொடுத்த திருப்தி.

அந்த வருஷம் கரும்பை மடியில் வைத்துக்கொண்டு கனகா சும்மா உட்கார்ந்திருந்தாள். வலது கன்னம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது.

“ஏன் மாப்ள, பொண்டாட்டி மூஞ்சி இப்படி வீங்கிக் கெடக்குது. டாக்டருகிட்ட காட்டக்கூடாதா?” என்றார் சக்கரபாணி.

கனகாவின் கணவன் பழமலைக்கு செராமிக் கம்பெனியில் சூளை வேலை. ஷிப்ட் முடிந்த அலுப்பு. ஊசிக்குப் பயந்து வரமாட்டேன் என்று அடம்பிடித்தவள் கனகாதான். அதைச் சொல்லியிருக்கலாம். “சீரு கொண்டாந்தா சீரோட நிறுத்திக்குங்க மச்சான்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டான்.

சக்கரபாணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். தீபாவளி கழிந்தும் அந்தப் பக்கமிருந்து ஒரு தகவலும் இல்லை. கன்னம் வீங்குவதும் வடிவதுமாக இருக்க, கனகா அழுது தீர்த்தாள்.

அந்த அழுகை பொறுக்காமல்தான் பழமலை அவளைக் கடலூர் பல் டாக்டரிடம் இழுத்துப் போனான். பிடுங்கிப் போடுவதற்குத் தயாராகத்தான் அவள் வாயைத் திறந்தாள். டாக்டர் பிடுங்கவில்லை. “வேரு கெட்டியா இருக்குதும்மா. உள்ள நரம்புதான் அழுகிப்போச்சு. அதை எடுத்துட்டு, சுத்தம் பண்ணி, மருந்து வெச்சு அடைச்சுட்டா பல்லு அப்படியே நிக்கும்” என்றார். திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது. மெல்லிய ஊசிகளை விட்டு வேரைக் குடைந்தார். மரத்துப்போக மருந்து போட்டதால் அவள் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. கடைசி நாள் பல்லை அடைத்துவிட்டுச் சொன்னார்: “வலி போச்சுன்னு அலட்சியமா இருக்காதீங்க. நரம்பு எடுத்துக் குடைஞ்ச பல்லு, கெட்டியா எதையாவது கடிச்சா பொளந்துடும். பல்லு மேல மாட்டுற கேப்பு மெட்ராஸ்லேர்ந்து வரணும், பொங்கல் கழிச்சுப் போட்டுடலாம். அதுவரைக்கும் இடது பக்கமா மெல்லுங்க.”

கனகாவைவிடப் பழமலைக்குத்தான் அது நன்றாகப் புரிந்தது. “சூளை ஏத்தாத பச்சை சாமான் மாதிரி. பாக்க முழுசா இருக்கும், தட்டுனா போச்சு” என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து வீட்டில் முறுக்குக்குத் தடை, வறுத்த கடலைக்குத் தடை. பல் தேய்க்கிற செங்கல் பொடியைத் தூக்கியெறிந்துவிட்டு பிரஷ் வாங்கி வந்தான். “சாப்பிட்டியா?” என்று கேட்காதவன், படுக்கப்போகும்போது “பல்லு வெளக்குனியா?” என்று கேட்பான். அவளுக்குச் சிரிப்பாக வரும்.

அடுத்த பொங்கல் வந்தது. அண்ணன் வருவாரா? வராவிட்டால் பிறந்த வீடு அவ்வளவுதான் என்று அவள் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். மத்தியானம் வாசலில் கரும்புக் கட்டு சாய்ந்தது. பின்னாலேயே சக்கரபாணி. பழமலையின் முகத்தைப் பார்க்காமல் ஒரு கழியை உருவித் தங்கையிடம் நீட்டினார்.

கனகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று அண்ணன் கண்ணால் பார்க்கட்டும். ஆறிய பல்லைக் காட்டவென்றே கரும்பை வலது கடைவாய்க்குக் கொண்டுபோனாள்.

“ஏ கனகா! வைடி கீழ!” பழமலை போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

சக்கரபாணி விருட்டென்று எழுந்தார். “எங்க வூட்டுக் கரும்பக்கூட அவ தின்னக்கூடாதா?”

“ஐயோ மச்சான், அந்தப் பல்லுல நரம்பு எடுத்திருக்குது! இன்னும் கேப்பு போடல. கடிச்சா ரெண்டாப் பொளந்துடும்” என்று பழமலை படபடவென்று கொட்டினான். ஊசி, மருந்து, மெட்ராஸ், பச்சை சாமான் எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

“ஷிப்ட் முடிச்சு வந்து தூங்காம கூட்டிட்டுப் போனாருண்ணே” என்றாள் கனகா.

சக்கரபாணி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கீழே விரித்தார். பிறகு கரும்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். “மாப்ள, கத்தி எடுத்தாங்க.”

அவர் தோலைச் சீவ, பழமலை பொடிப்பொடியாக நறுக்கினான். கம்பெனியில் கழித்துப் போட்ட பீங்கான் கிண்ணம் நிறைந்தது. ஆலைக் கரும்பு விலையில் தொடங்கிய பேச்சு சாயங்காலம்வரை ஓடியது.

தை கழிவதற்குள் கேப் போட்டாகிவிட்டது. அப்புறமும் ஒவ்வொரு பொங்கலுக்கும் மச்சானும் மாப்பிள்ளையும் ஒட்டி உட்கார்ந்து அவளுக்குக் கரும்பு நறுக்கினார்கள். அவளுடைய இடது பக்கப் பற்கள் எந்தக் கரும்பையும் உரிக்கிற தெம்போடுதான் இருந்தன. அதைக் கனகா கடைசிவரை அவர்களிடம் சொல்லவே இல்லை.