ஆதிமனிதனின் சுண்டுவிரல்

அருங்காட்சியகத்தில் சிலை செய்பவளுக்கு அன்று எழுந்ததிலிருந்தே உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. இரண்டாவது கூடத்தில் நிற்கும் ஆதிமனிதனைக் கிடங்குக்கு அனுப்புவதா வேண்டாமா என்று இன்று முடிவாகிவிடும். கடவுள் மண்ணால் படைத்த மனிதனைக் குரங்கு வம்சம் என்று காட்டக் கூடாது என்று சொல்ல வழிபாட்டுச் சபையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் ஏதாவது செய்யலாம் என்றிருந்தார் இயக்குநர். மனம் நோகாமல் என்றால் கிடங்குதான். வருகிறவர்களுக்குத் தலைமை அவளுடைய மாமியார்.

ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவள் கணவன் போன பிறகு இரண்டு பேருக்கும் வேறு போக்கிடமில்லை. "இன்னிக்குக் குரங்குக்கு எங்க முடி ஒட்டின?" என்று மாமியார் கேட்பார். மருமகள் சோற்றுத் தட்டை நகர்த்துவாள். சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. உயிர் கடலில் தோன்றியதா, கடவுள் ஊதி வந்ததா என்று யாராவது கேட்டால், வந்த உயிர் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்றுதான் அவளுக்குத் திருப்பிக் கேட்கத் தோன்றும்.

அந்தச் சிலையில் ஒரு தில்லுமுல்லு இருந்தது. திறப்பு விழா நெருங்கியபோது பாதங்கள் மட்டும் அமையவே இல்லை. எத்தனை தடவை செய்தாலும் பொம்மைக் கால்தான் வந்தது. கடைசியில், வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த கணவனின் பாதங்களில் ஈரக் களிமண்ணை அப்பி அச்செடுத்துவிட்டாள். அவன் கூச்சம் தாங்காமல் நெளிந்து, செத்தாலும் இனி என் கால் அருங்காட்சியகத்துக்கு வேலைக்குப் போகவேண்டியதுதான் என்று சிரித்தான். பெருவிரல் இந்தக் காலத்து ஆளுடையதுபோல் இருக்கிறதே என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் முணுமுணுத்தார். அதோடு போயிற்று.

அடுத்த வருடமே மாரடைப்பில் அவன் போய்ச் சேர்ந்தான். அவன் துணிமணிகளை மாமியார் யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். மிஞ்சியவை அந்தப் பாதங்கள்தான். தூசி தட்டுகிற சாக்கில் அவள் தினமும் தொட்டுவிட்டு வருவாள். வீட்டில் வாய் திறந்ததில்லை. என் பிள்ளையைக் குரங்காக்கிவிட்டாயா என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் அப்புறம் ஒரே அடுப்பு ஏது? இன்று சொன்னால் ஒருவேளை சிலை தப்பும். ஆனால் செத்தவன் காலைக் காட்டிப் பிழைப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

சபைக்காரர்கள் வந்தார்கள். சிலையின் நெற்றியைப் பற்றியும் தாடையைப் பற்றியும் ஆளாளுக்குப் பேசினார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. எதிரே இருந்த பெஞ்சில் அப்பாடா என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருப்பது பீடத்தின் மேலிருக்கும் பாதங்கள்தான்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய், தொடக் கூடாத சிலையின் இடது பாதத்தில் கை வைத்தார். அதன் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக் கிடந்தது. காவலாளி ஏதோ சொல்ல வந்தார். சிலை செய்பவள் வேண்டாமென்று கையசைத்தாள்.

"கதவுல நசுங்கினப்ப நான்தான் கட்டு போட்டேன்," என்றார் மாமியார். "அவசரத்துல கோணலாக் கட்டிட்டேன்."

மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். "மன்னிச்சிடுங்க அத்தை."

"எதுல பண்ணின?"

"மண்ணுலதான் அச்சு எடுத்தேன்."

"மண்ணுலதானே," என்றார் மாமியார். அவர் விரல் அந்தச் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டே இருந்தது.

இயக்குநர் பணிவாக வந்து, என்ன முடிவு என்று கேட்டார். முகம் தனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, கால் இருக்கட்டும் என்றார் மாமியார். காலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எப்படி எடுப்பது என்று இயக்குநர் விழித்தார்.

"அப்ப முழுசா நிக்கட்டும்."

சபைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் அவர்களோடு போகவில்லை. வேலை முடியும்வரை பெஞ்சிலேயே இருந்து, மருமகளோடு பேருந்து ஏறினார். இறங்கும் நிறுத்தம் வந்தபோது கேட்டார்.

"நாங்க வழிபாட்டுக்குப் போற நாள்ல, உங்க மியூசியம் திறந்திருக்குமா?"