தண்ணீர் மட்டும்தான்

வேல்விழியின் வலது கைக்கு மேலே அந்தக் கருவி நின்றது. நிறம் நிறமாக வெளிச்சத்தைத் தோலில் அடித்து, திரும்பி வருகிற வெளிச்சத்தை வைத்து, உள்ளே ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று சொல்லுமாம். டாக்டர் நஸீபா திரையைக் காட்டினார். புண் ஆழமானது, தானாக ஆறாது, நாளைக் காலையில் தொடைத் தோலை எடுத்து ஒட்டிவிடலாம் என்றார். என் மகளுக்கு மூன்று மாதத்தில் போலீஸ் உடல்தகுதித் தேர்வு. அந்தக் கையால்தான் குண்டு எறிய வேண்டும்.

சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டி மூன்று நாள். நான் பதினெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். சுந்தரபாண்டியபுரத்தில் யாருக்குச் சுட்டுக்கொண்டாலும் தண்ணீர் மட்டும் ஊற்று என்று சட்டம் பேசுகிறவன். சொந்தப் பிள்ளை அலறியதும், ஊராருக்கு மனு எழுத வைத்திருந்த நீல மைப் புட்டியைக் கையில் கவிழ்த்துவிட்டேன். பிறகு வெட்கம் பிடுங்கித் தின்ன, அவள் அழ அழக் கழுவினேன். தென்காசி ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண், புண்ணில் பற்பசை தடவியதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். என் முறை வந்ததும் தண்ணீர் மட்டும்தான் என்றேன், அதையும் விறைப்பாக நின்று சொன்னேன். மிச்சமிருந்த கருநீலத்தைக் கன்றிப்போனது என்று எடுத்துக்கொண்டார்கள். மனைவி வடிவம்மாளும் மகளும் வாயைத் திறக்கவில்லை. என் மானத்தை அவர்கள் காப்பாற்றினார்கள், நானும் பேசாமல் இருந்துகொண்டேன். நானெல்லாம் ஒரு தகப்பன்.

கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்கள். இந்தக் கருவி தப்பாகச் சொல்லுமா என்று கேட்டேன். மருதாணி, சாயம் எதுவும் தோலில் இருந்தால் ஏமாறும், நீங்கள்தான் ஒன்றும் போடவில்லையே என்றார் டாக்டர். வடிவம்மாள் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"மை ஊத்திட்டேம்மா," என்றேன். "ஒரு புட்டி முழுசும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மூணு நாளா இத மனசுல வச்சிக்கிட்டா இருந்தீய, அண்ணாச்சி?" என்றுதான் கேட்டார்.

நீல மை சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும், கருவி அதை ஆக்ஸிஜன் இல்லாத ரத்தம் என்று நினைத்துக்கொள்ளும் என்றார். கறை இன்றைக்குள் போகாது. நிஜமாகவே ஆழமான புண்ணாக இருந்து காத்திருந்தால் சீழ் பிடிக்கும். ஊசியால் குத்திப் பார்க்கலாம், வலித்தால் தோலில் உயிர் இருக்கிறது, ஒட்ட வேண்டியதில்லை என்று அர்த்தம். வலி மாத்திரையின் வேகம் இறங்கும்வரை காத்திருந்தோம்.

வேல்விழியைக் கண்ணை மூடச் சொன்னார். ஊசி முனை புண்ணின் நடுவே பட்டது. பெற்ற பிள்ளைக்கு வலிக்க வேண்டும் என்று குற்றாலநாதரை வேண்டிக்கொண்டேன். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து விழுந்தாலும் அழக்கூடாது என்று பழக்கியவன் நான்.

"ஏட்டி, வலிச்சா கத்திருட்டி," என்றேன்.

அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன. ஊசி அழுந்த அழுந்த, இடதுகை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்து இறுக்கியது.