புதுப் பதிப்பில் வெள்ளாடு கிடையாது

மாஸ்டர் புதுப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, எல்லாரும் கை கழுவிவிட்டு வரவேண்டும் என்றார். நாங்கள் மூன்று பேரும் வரிசையாகப் போய்க் கழுவினோம். பல் டாக்டர் மட்டும் முழங்கை வரைக்கும் கழுவினாள். தொழில் பழக்கம்.

நாங்கள் ஆடுவது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு கற்பனை ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். காடு, கோட்டை, பூதம், டிராகன் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு பாத்திரமாக இருந்துகொண்டு, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று வாயால் சொல்லவேண்டும். சொன்னது நடக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு டைஸ் முடிவு செய்யும். பெரிய எண் விழுந்தால் நடக்கும். சின்ன எண் விழுந்தால் மானம் போகும். அவ்வளவுதான் ஆட்டம். இதற்குச் செங்கல் கனத்தில் ஒரு ரூல்ஸ் புத்தகம்.

கதையை நடத்துபவர் மாஸ்டர். ஊருக்குள் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். வாழ்க்கை முழுவதும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டும் வண்டிக்கு பிரேக் போட்டவர். அதனால் நாங்கள் கதைக்குள் ஏதாவது ஆபத்தை நோக்கிப் போனால், அவரை அறியாமலே அவருடைய வலது கால் மேஜைக்கு அடியில் ஒரு அழுத்து அழுத்தும். மேஜை லேசாக ஆடும். டீ ததும்பும். உடனே நாங்கள் "அந்தக் கதவைத் திறக்க வேண்டாம்" என்று முடிவு செய்துவிடுவோம். எத்தனை குகைகளை இப்படித்தான் தாண்டினோம் என்பது அவருக்குத் தெரியாது. எங்கள் வீரம் முழுவதும் அவருடைய வலது காலில் இருந்தது.

பல் டாக்டர் கோடரி பிடித்த போர்க்காரி. வாரமெல்லாம் "வலிக்குதா, வலிச்சா கையைத் தூக்குங்க" என்று கேட்பவள், சனிக்கிழமை யாரையும் எதுவும் கேட்பதில்லை. நான் திருடன். நிஜத்தில் ஓட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் இடத்தில் இஸ்திரி மெஷினில் நிற்கிறேன். அதனால் எனக்கு இஸ்திரி என்றே பெயர். அந்த மெஷின் உருளும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஆகவே யாரும் பேசுவதில்லை. அறைக்கு வந்தால் சுவர்தான். வாரத்தில் நான் வாய் திறந்து பேசுவது சனிக்கிழமை சாயங்காலம் இந்த மேஜையில் மட்டும்.

மூன்றாவது ஆள் லிஃப்ட் அண்ணன். லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். எங்களில் மூத்தவர். அவர் மந்திரவாதி. அவரிடம் ஒரு வெள்ளாடு இருக்கிறது.

பழைய பதிப்பில் மந்திரவாதிக்கு ஒரு மாயப் பை உண்டு. டைஸ் உருட்டி, விழுந்த எண்ணுக்குத் தகுந்த மிருகத்தை அதிலிருந்து எடுக்கலாம். இருபது விழுந்தால் சிங்கம். லிஃப்ட் அண்ணனுக்கு முதல் நாளே ஒன்று விழுந்தது. வெள்ளாடு. இன்னொரு தடவை உருட்டுங்கள் என்று மாஸ்டரே சலுகை கொடுத்தார். "வேணாம் தம்பி, வந்தவரைத் திருப்பி அனுப்பினா நல்லா இருக்காது" என்று சொல்லிவிட்டார் அண்ணன். ஆட்டுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். ஒரு வேலையும் செய்யாது, எல்லாவற்றையும் தின்னும், ஆனாலும் கேட்காமல் ஒன்றும் செய்யமுடியாது என்பது அதற்கு அவர் சொன்ன காரணம்.

மேனேஜர் அரசன் கொடுத்த வரைபடத்தைத் தின்றார். சூனியக்காரியின் துடைப்பத்தைத் தின்றார். எது நடந்தாலும் அண்ணன் பக்கத்தில் இருக்கும் காலி இடத்தைப் பார்த்து "மேனேஜர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்பார். பிறகு அவரே மூக்கால், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று பதிலும் சொல்லிக்கொள்வார்.

கை துடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாஸ்டர் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையை, ஆபரேஷன் செய்வதுபோலப் பிரித்தார்.

"உறை எப்படிப் புதுசா இருக்கு? படிச்சிட்டேன்னீங்களே" என்றாள் பல் டாக்டர்.

"படிச்சிட்டுத் திரும்ப ஒட்டினேன். அழுக்காகக் கூடாதில்ல." மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஸ்டூடன்ட்டுக்காக வண்டியில காத்திருக்கிற நேரமெல்லாம் இதுதான் படிப்பு. இன்னையிலிருந்து பழசு கிடையாது. யாரும் பழைய ரூலைச் சொல்லக் கூடாது."

ஒவ்வொருவர் பாத்திரமாகப் புது ரூலுக்கு மாற்றினார். பல் டாக்டருக்கு இன்னொரு கோடரி கிடைத்தது. எனக்குச் சுவர் ஏறும் திறமை கிடைத்தது. லிஃப்ட் அண்ணன் முறை வந்ததும் மாஸ்டர் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"அண்ணே, பை இல்ல."

"பை இல்லன்னா?"

"எடுத்துட்டாங்க. புதுப் பதிப்புல மந்திரவாதிக்கு ஆவி மிருகம்தான். கூப்பிட்டா வரும், ஜொலிக்கும், சண்டை முடிஞ்சா மறைஞ்சிடும். ஓநாய், பருந்து, ஆந்தை. மூணுல ஒண்ணு."

"மேனேஜர்?"

"இதுல இல்லண்ணே."

அண்ணன் பக்கத்திலிருந்த காலி இடத்தை ஒரு தடவை பார்த்தார். "அப்ப எனக்கும் இதுல வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் தோள்பையை எடுத்தார்.

கதை நடத்துபவரைத் தவிர்த்து குறைந்தது மூன்று பேர் இருந்தால்தான் இந்த ஆட்டம். நாங்கள் சரியாக மூன்று பேர். அண்ணன் எழுந்து போனால் சனிக்கிழமையும் எனக்குச் சுவர்தான்.

"மாஸ்டர், ஒரு ஆடுதானே. இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"சிக்னல்ல சிவப்பு விழுந்த பிறகு, எனக்குப் பழைய பச்சைதான் பிடிக்கும்னு சொல்லுவியா? இன்னைக்கு ஆட்டை விட்டா நாளைக்கு நீ யானையோட வருவ."

"நான் எதுக்கு யானையோட வரப்போறேன்?"

"வருவ. எனக்குத் தெரியும்."

பல் டாக்டர்தான் நடுவில் புகுந்தாள். நோயாளி நாற்காலியிலிருந்து இறங்கப் பார்க்கும்போது பேசுவாளே, அந்தக் குரலில் பேசினாள். "அண்ணே, ஒரே ஒரு ஆட்டம். இன்னைக்கு மட்டும் ஆந்தையோட ஆடிப் பாருங்க. பிடிக்கலன்னா நாங்க யாரும் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டோம்."

அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். கீழே வைக்கவில்லை.

மாஸ்டர் சுலபமான கதையாக எடுத்தார். ஒரு கிராமத்துத் தானியக் கிடங்கு. உள்ளே எலித் தொல்லை. விரட்டினால் போதும். பழைய பதிப்பில் எலி என்பது பச்சைப்பிள்ளை விளையாட்டு. பல் டாக்டர் தும்மினாலே ஓடிவிடும்.

கிடங்கின் கதவுக்கு முன்னால் நின்றோம். வழக்கம்போல மூன்று பேரும் டீ கிளாஸைப் பார்த்தோம். டீ அசையவில்லை. மேஜை ஆடவில்லை. மாஸ்டருடைய கால் சும்மா இருந்தது.

"உள்ள போறோம்" என்றேன்.

எங்களுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. புதுப் பதிப்பில் எது ஆபத்து என்பது மாஸ்டருக்கே தெரியாது. போருக்கான ரூல்ஸை எல்லாம் கரைத்துக் குடித்திருந்தார். மிருகங்கள் வரும் அத்தியாயம் கடைசியில் இருந்ததால், அங்கே போவதற்குள் ஸ்டூடன்ட் வந்துவிட்டிருக்கிறார். எலியா, எலிதானே என்று விட்டிருக்கிறார். காலுக்கு எப்படித் தெரியும்?

"இரு, இரு" என்று விரலை வரியில் ஓட்டினார். "எலிக் கூட்டம். எல்லாரையும் ஒரே நேரத்துல கடிக்கும். ஒவ்வொரு சுற்றும். அடிச்சா பாதி அடிதான் படும்." அவர் முகமே மாறியது. "இது எப்ப மாத்தினாங்க?"

பல் டாக்டர் இரண்டு கோடரியையும் வீசினாள். பாதி அடி பட்டது. எலிகள் அவளை முழுதாகக் கடித்தன. நான் புதுத் திறமையைக் காட்டிச் சுவரில் ஏறினேன். எலிகளும் ஏறின. அண்ணன் ஆந்தையைக் கூப்பிட்டார். வந்தது, நன்றாக ஜொலித்தது. அந்த வெளிச்சத்தில் எலிகளுக்கு எங்களை இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

பல் டாக்டர் விழுந்தாள். நான் சுவரிலிருந்து அவள்மேல் விழுந்தேன். அம்மா போனில் இந்த வாரம் என்னப்பா செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று அந்த நேரத்திலும் ஒரு யோசனை ஓடியது.

அண்ணன் பையின் ஜிப்பை இழுத்து மூடித் தோளில் மாட்டிக்கொண்டார். "இன்னும் ஒரு சுற்றுல நானும் காலி. முடிஞ்சதில்ல தம்பி? கிளம்பலாமா?"

மாஸ்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். தப்பிக்க வழி தேடுகிறார் என்று தெரிந்தது. தன் ரூலில் தானே மாட்டிக்கொண்டவர், கேட்கவும் வெட்கம்.

அந்த நேரத்தில் காலி கிளாஸ்களை எடுக்க அண்ணி வந்தார். மாஸ்டருடைய மனைவி. விமான நிலையத்தில் தொலைந்துபோன பெட்டிகளுக்கான கவுன்டரில் இருப்பவர். பெட்டி வராதவர்கள் எல்லாரும் வந்து அவரிடம்தான் கத்துவார்கள். இந்த ஆட்டத்தை அவர் ஒரு நாளும் மதித்ததில்லை.

"ஏன் எல்லாரும் எழவு விழுந்த மாதிரி இருக்கீங்க?"

"எலி கடிச்சிடுச்சு அண்ணி" என்றேன்.

அண்ணி கிளாஸ்களை அடுக்கிக்கொண்டே, "எலிக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார்.

மாஸ்டர் நிமிர்ந்தார். "எலிக்கு என்ன வேணும்? அது எலி."

"என்கிட்ட வந்து கடிக்கிறவங்க எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு வேணும். அதைக் கேட்காம அடிச்சிட்டிருந்தா நான் இத்தனை வருஷம் அந்த கவுன்டர்ல உட்கார்ந்திருக்க முடியுமா? கேளுங்க."

"கேட்க ஆள் இல்லக்கா. நாங்க ரெண்டு பேரும் மயக்கத்துல இருக்கோம், அண்ணன் கிளம்பிட்டாரு" என்றாள் பல் டாக்டர். "நீங்க வேணா உள்ள வாங்களேன். மாஸ்டர், புது ஆள் நடுவுல சேரலாமா?"

மாஸ்டருக்கு அந்தப் பக்கம் மட்டும் சட்டென்று கிடைத்தது. "சேரலாம். மேஜையில எல்லாரும் ஒத்துக்கிட்டா தனியாளா, எந்த உருவத்துல வேணாலும் வரலாம்னு போட்டிருக்கு. அப்படித்தான் போட்டிருக்கு." தன் வாயால் என்ன சொன்னோம் என்பது கொஞ்சம் பிந்தித்தான் அவருக்கு உறைத்தது.

லிஃப்ட் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, ஒரு மேனேஜர் இடம் காலியா இருக்கு."

"அந்த வெள்ளாடா?" அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சமையலறை வரைக்கும் கேட்குமே அதோட புலம்பல். சரி, நான் ஆடு. எங்க எலி?"

"நான்தான் எலி" என்றார் மாஸ்டர்.

"அது தெரியும். எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா என்னால பேச முடியாது. ஒருத்தர் முன்னால வாங்க."

"ஆடு பேசாதும்மா."

"எலிக்குப் புரியும்" என்றார் அண்ணன். "அவங்க அவங்களுக்குள்ள பேசிக்குவாங்க."

மாஸ்டர் டைஸை நீட்டினார். அண்ணி உருட்டினார். மூன்று விழுந்தது.

"தோத்துட்ட. எலிங்க ஒத்துக்கல" என்றார் மாஸ்டர். அவருக்கே அது வருத்தமாக இருந்தது.

"ஒத்துக்க வேணாம். என்னதான் வேணுமாம், அதைச் சொல்லச் சொல்லுங்க."

"தானிய மூட்டைதான் வேணும். வேற என்ன?"

"அப்படியா." அண்ணி யோசித்தார். "அப்ப நான் அந்த மூட்டையைத் தின்ன ஆரம்பிக்கிறேன்."

"என்னது?"

"ஒண்ணொண்ணா தின்னுட்டே போவேன். எனக்கு அவசரமில்ல. நிறுத்தணும்னா அவங்க கடிக்கிறதை நிறுத்தட்டும்."

"அதுக்கு டைஸ் உருட்டணும்."

"ஆடு சாப்பிடுறதுக்கா?" என்றார் அண்ணன். எழுந்தே விட்டார். "தம்பி, புதுப் பதிப்பை நல்லாப் பாருங்க. ஒரு உயிர் தன்னோட இயல்புக்குச் செய்யிற காரியத்துக்கு டைஸ் வேணும்னு போட்டிருக்கா?"

மாஸ்டர் பார்த்தார். அத்தியாயத்தின் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். வேண்டாம் என்றுதான் போட்டிருந்தது.

"ஒரு மூட்டை போச்சு" என்றார் அண்ணி. "ரெண்டாவதுல வாய் வைக்கிறேன்."

மாஸ்டர் எலிகளின் சார்பாக யோசித்தார். அவர் நேர்மையானவர். எலி என்ன செய்யுமோ அதைத்தான் செய்வார். மூன்றாவது மூட்டையில் எலிகள் மனம் உடைந்தன. பின்னால் இருந்தவை முதலில் நகர்ந்தன. பாதித் தானியம் எங்களுக்கு, பாதி அவர்களுக்கு என்று பேச்சு முடிந்தது. அண்ணி தின்ற மூன்று மூட்டை யார் கணக்கில் என்று மாஸ்டர் கேட்டதற்கு, "அது சர்வீஸ் சார்ஜ்" என்றார்.

பல் டாக்டரும் நானும் பிழைத்துக்கொண்டோம். ஆனால் நாங்கள் எல்லாரும் பார்த்தது லிஃப்ட் அண்ணனுடைய பையைத்தான். அது இன்னும் அவர் தோளில் தொங்கியது.

"மேனேஜர், அடுத்து வலது பக்கம் போகலாமா?" என்று அண்ணன் கேட்டார்.

"மாட்டேன்" என்றார் அண்ணி. "இடது பக்கம்."

"இல்ல, நான்தான் மந்திரவாதி. நீங்க என்கூட..."

"நான் யாருக்கும் கீழ இல்ல. தனியாளு. போட்டிருக்கில்ல?"

"போட்டிருக்கு" என்றார் மாஸ்டர்.

போச்சு என்று நினைத்தேன். ஆடு கிடைத்தும் அவருடைய ஆடாக இல்லை. அண்ணன் பையை இறக்கி நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"நான் வேலை பார்க்கிறது எல்லாம் லிஃப்ட் குழிக்குள்ள தனியாதான்" என்றார். "அங்கயும் மேனேஜர்கிட்டதான் பேசுவேன். நானே கேட்பேன், நானே பதில் சொல்லுவேன். எனக்கு ஒத்துப்போற பதிலாத்தானே வரும். இன்னைக்குத்தான் அவரு மாட்டேன்னு சொல்றாரு." சிரித்தார். "சரி வாங்க, இடது பக்கமே போவோம். அங்க என்ன இருக்குன்னு பார்த்துட்டு உங்களைத் திட்டுறேன்."

இடது பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. அதில் எல்லாரும் விழுந்தோம். அண்ணன் மேனேஜரை ஆசை தீரத் திட்டினார். அண்ணி புகாரை எழுத்து மூலம் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை நான் சீக்கிரமே போய்விட்டேன். எனக்கு முன்னாலேயே லிஃப்ட் அண்ணன் வந்திருந்தார். அவருடைய வழக்கமான நாற்காலியில் அண்ணி உட்கார்ந்து புத்தகத்தில் மிருகங்கள் அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்கால் மேஜையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

"ஏண்ணே ஸ்டூல்ல? உங்க சீட்டைக் கேட்க வேண்டியதுதானே?"

"சத்தம் போடாதே" என்றார் அண்ணன். "மேனேஜர் இன்னைக்கு முதல்லேயே மூட் அவுட்ல இருக்காரு."