சிங்கப்பூர் பாட்டிலின் கோடுகள்

மகனைப் பெற்ற மறுநாள் என் மனைவி ராதிகா இறந்துபோனாள். அது 1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல். ரிஷிவந்தியத்தை ஒட்டிய எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் சாலையில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. பிள்ளைக்கு மாட்டுப்பால் சேரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது வாங்கிவந்த ஒரு டின் பால்பவுடர்தான் கதி.

பால் பாட்டில், ராதிகாவின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது. கனத்த கண்ணாடி. ஒன்றிலிருந்து எட்டு வரை கோடுகள். மேலே ஓ, இசட் என்று இரண்டு ஆங்கில எழுத்து. கம்பெனிப் பெயராக்கும் என்று இருந்துவிட்டோம். டின்னில், முப்பது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி பவுடர் என்று போட்டிருந்தது.

என் மாமனார் வீரமுத்து பருத்திக்கு மருந்தடித்துப் பழகியவர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பூச்சிமருந்து மூடியில கோட்டுக்குப் பத்து மில்லி. இதுவும் அதேதான் மாப்ள. மூணு கோடு தண்ணி, ஒரு கரண்டி பவுடர்."

அப்படியே கலந்தோம். பிள்ளை குடித்தான், குடித்து முடித்ததும் அழுதான். நாளாக ஆக அழுகை பூனைக்குட்டிச் சத்தமாகக் குறைந்தது. தொடையில் தோல் சுருங்கியது. தாயைத் தேடுகிறான், தங்கமாட்டான் என்றார்கள் துக்கத்துக்கு வந்த பெண்கள்.

என் தங்கை கண்ணகி மட்டும் ஒப்பவில்லை. பாலை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"இன்னா இது, அரிசி கழுவின தண்ணியாட்டம் கீது?"

இருமல் மருந்தின் மூடியில் பத்து மில்லிக் கோடு இருந்தது. அதில் தண்ணீர் அளந்து மூன்று முறை பாட்டிலில் ஊற்றினாள். தண்ணீர் முதல் கோட்டுக்கு வந்து நின்றது.

"மாமா, இங்க வந்து பாருங்க. ஒரு கோடே முப்பது மில்லி. மூணு கோட்டுக்கு மூணு கரண்டி போடணும்."

"அப்போ புள்ள இத்தினி நாளா மூணுல ஒரு பங்குதான் குடிச்சிக்கினு இருந்தானா?" மாமனார் பாட்டிலை வாங்கி முதல் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

சரியான அளவில் கலந்தால் டின்னில் மிச்சம் இருப்பது அன்று ஒரு பகலுக்குத்தான் வரும். கருமாதி முடியாமல் நான் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கண்ணகி என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பினாள்.

வழியில் நடந்ததை, மறியலில் நின்ற முனியன் பிறகு சொன்னார். முதல் மரத்திலேயே அவளை நிறுத்தியிருக்கிறார்கள்.

"எங்கம்மா போற? வண்டி எதுவும் போகக் கூடாது."

"சைக்கிள் வண்டின்னா நான் ஓட்டல சித்தப்பா. நீங்க தூக்கினு வாங்க, நான் பின்னால நடந்து வரேன்."

ஆட்கள் சிரித்துவிட்டார்களாம். பிள்ளைக்குப் பால் இல்லை என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அப்பால் வைத்தார்கள். முனியன் கூடவே போய் அடுத்தடுத்த மரங்களில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டார். மெடிக்கல் கடை சாத்தியிருந்தது. அவள் பின்வாசலைத் தட்டிக் கடைக்காரரை வெளியே வரவைத்தாள். ஓ, இசட் என்று போட்ட பாட்டிலில் ஒரு கோடு முப்பது மில்லிதானே என்றும் கேட்டாள்.

"அது அவுன்ஸ் கணக்கும்மா. ஒரு அவுன்ஸ் முப்பது மில்லின்னு வச்சுக்க. யார் சொன்னாங்க உனக்கு?"

"மூடியால அளந்து பாத்தேங்க."

பொழுது சாய்வதற்குள் இரண்டு டின்னோடு வந்துவிட்டாள். அன்று பிள்ளை மூன்று கோட்டுப் பாலையும் குடித்து, பாட்டிலை விடாமல் தூங்கினான். விடிந்ததும் அவன் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது.

கருமாதிக்கு வந்தவர்கள் மரங்களைத் தாண்டி நடந்தே வந்தார்கள். ஒவ்வொருவரையும் மாமனார் கையைப் பிடித்துப் பிள்ளையிடம் அழைத்துப் போனார். மகளைப் பறிகொடுத்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களிடம் சொன்னார்: "நான் கோட்ட எண்ணிட்டு வுட்டுட்டேன். எங்க கண்ணகிதான் அளந்து பாத்தா."