இடது தாளின் அடியில்

…மை சரியாகத்தான் இருக்கிறது, தேயிலைக் கடையில் தேநீர் கசந்தால் வாங்கினவனின் தண்ணீரைக் குறை சொல்லித் தப்பிப்போமே, அந்தச் சாமர்த்தியம் இங்கே செல்லாது என்று தெரிந்தும் பெய்லின் மைக்கட்டியைக் கல்லில் இன்னும் அரைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் இரங்கல் வரிகளுக்கான நீளமான இரண்டு வெள்ளைத் தாள்கள், அண்ணன் பெய்சுவானின் சவப்பெட்டிக்கு இருபுறமும் தொங்க வேண்டியவை. மலை சாய்ந்தது, மணம் காற்றில் நிற்கிறது… எழுதியாகிவிட்டது, செத்தவரைப் புகழ என்ன கஷ்டம், கைமாறிய சரக்கைப் பற்றி எவன் பேரம் பேசுவான்? மிச்சம் இடது தாளின் அடிதான், எழுதியவன் செத்தவருக்கு என்ன உறவு, பெயர் என்ன. தம்பி என்று போடுவதா? இத்தனை வருஷம் பேசாதவன் தம்பியா? சக வணிகர் என்று போட்டால் வம்பில்லை, ஆனால் சுவான்சோ நகரத்துத் தேயிலைத் தெரு மொத்தமும் அந்த அடியைத்தான் குனிந்து படிக்கும், மேலே இருக்கிற மலையை எவன் பார்க்கப்போகிறான்…

முன்பெல்லாம் இந்த ஒரே மேசையில்தான் இருவரும் விடியலில் எழுதுவார்கள், கடை திறக்கும்வரை. மனசு கோணினால் கோடு கோணும், கோட்டைப் பார்த்து மனசைத் திருத்து, எழுதியதன்மேல் மறுபடி தூரிகை வைக்காதே, அதுதான் இந்தக் கலையில் களவு என்பார் அண்ணன். பெய்லின் வைப்பார், விரல் சும்மா இருக்காது. அண்ணன் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார், இரட்டை மை காட்டிக்கொடுத்துவிடும். "என்னடா இது, ஒட்டுப்போட்ட கால்சட்டையா? வளைஞ்சா வளைஞ்சதுதான், மேல பூசினா நிமிர்ந்துடுமா?" அந்த அண்ணன் எழுதிய கடைப்பலகையைத்தானே பெய்லின் இறக்கினார், தலைநகரத்துப் பெரிய மனிதரின் எழுத்து இருந்தால் வாடிக்கை கூடும் என்று, அவரைக் கேட்காமலேயே. அண்ணன் புதுப் பலகையின் கீழே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "நல்ல எழுத்து. கடைக்குப் பொருத்தம்." அவ்வளவுதான், போய்விட்டார். வாடிக்கை கூடியது, ஆமாம். அதற்குப் பிறகும் பெய்லின் ஒருநாள் விடாமல் எழுதினார், கையில் என்ன அமைதி என்று ஊரே மெச்சியது, அந்த அமைதியான கையால் பக்கத்துச் சந்தில் அண்ணன் வீட்டுக் கதவை ஒருதரம் தட்ட முடிந்ததா?

மனைவி மெய்க்கின் எட்டிப்பார்த்தாள். "இன்னுமா? அங்க நாயனம் ஊத ஆரம்பிச்சாச்சு. அண்ணி ஆள் அனுப்பியிருக்காங்க, தம்பி எழுத்து வராம பெட்டியத் தூக்க விடமாட்டேன்னு."

"வரேன், மை காயட்டும்."

"மை காயுதா, நீங்க காயுறீங்களா?"

தம்பி எழுத்து… அண்ணி அப்படியா சொன்னாள்? தூரிகை இறங்கிவிட்டது, தம்பி என்றே இறங்கியது, கடைசி நீளக் கோடு பாதியில் முதுகு வளைந்தது. மனசு வேண்டாம் என்பதற்குள் விரல் முந்திக்கொண்டது, மேலே ஒரு தொடல், அவ்வளவுதான், நிமிர்ந்துவிட்டது. அழகாகக்கூட இருக்கிறது. யாருக்குத் தெரியப்போகிறது? கண்டுபிடிக்கிறவர் பெட்டிக்குள் அல்லவா இருக்கிறார்… பெய்லின் தாளை எடுத்து, தானே ஜன்னலுக்கு நேரே பிடித்தார். கோட்டின் நடுவே மை இரண்டாக நின்றது. வேறு தாள் வேண்டிய மட்டும் இருக்கிறது, நேராகவே எழுதிவிடலாம், ஆனால் அந்த வளைவு மறுபடி வருமா? இந்த மேசையில் அண்ணனுக்கென்று மனசிலிருந்து எழுதியது அந்த வளைவு ஒன்றுதானே, அதன்மேலும் பூசிவிட்டோமே என்று தாளை இறக்காமல் நின்றார், வாசலில் அண்ணி அனுப்பிய ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.